ஏபி இருக்கும் இடமும் கருவி இருக்கும் இடமும்: கோத்தகிரிச் சரிவில் டிஎச்சிபி வழியே இடத்தகவல்

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலை. சரிவை வெட்டிக் கட்டிய மூன்று அடுக்குக் கட்டடம், அதற்குக் கீழே அலுவலகமும் டிஸ்பென்சரியும், இன்னும் கீழே லைன் வீடுகள். இரவு ஷிப்டில் இருப்பவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் உதவிப் பொத்தான்களும், வாடல் தொட்டிகளுக்கிடையே மாற்றி மாற்றி வைக்கும் ஈரப்பத அளவிகளும் வைஃபை வழியாகப் பேசுகின்றன. பொத்தானை அழுத்தினால் யார், எங்கே என்ற இரண்டும் டிஸ்பென்சரித் திரையில் வர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் பிடிக்காது. பிடித்தாலும் பேட்டரி தாங்காது. அதனால், நெட்வொர்க்கில் சேரும் கருவிக்குச் சர்வர் ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி நெறிமுறையின் பதிலுக்குள்ளேயே இடத்தகவலையும் வைத்து அனுப்பினோம். ஏற்பாடு இப்போது நிலையாக ஓடுகிறது. அமைத்த வரிசையையும், இடையில் எடுத்துப் பார்த்துக் கைவிட்ட வழிகளையும், மலைச்சரிவு என்பதால் வந்த சிக்கல்களையும் இங்கே பதிகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிஎச்சிபி தருவது கருவியின் இடம் அல்ல. கருவி ஒட்டிக்கொண்டிருக்கும் ஏபியின், அதாவது வைஃபை அணுகல் புள்ளியின், இடம். கம்பி இணைப்பில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கேபிள் நீளம்தான். வைஃபையில் அது முப்பது மீட்டராகவும் இருக்கலாம், நானூறு மீட்டராகவும் இருக்கலாம். எந்த அளவுக்குத் தெரியாது என்பதையும் தகவலோடு சேர்த்துச் சொல்லும் வசதி இந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. பலரும் அந்தப் புலத்தைச் சும்மா நிரப்பிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வேலையில் பாதி அதைச் சரியாக நிரப்புவதற்கே போனது.

எந்த ஆப்ஷன்

டிஎச்சிபி பதிலில் ஒவ்வொரு தகவலும் எண்ணிட்ட ஓர் ஆப்ஷனாகப் போகும். ஆப்ஷன் 123 என்பது 2004-இல் ஆர்எஃப்சி 3825 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் 16 பைட்டில் அடைக்கும். அதிலுள்ள நுணுக்கப் புலம் எத்தனை பிட்கள் செல்லுபடியாகும் என்று மட்டும் சொல்லும். மீதிப் பிட்களை வெட்டினால் கிடைக்கும் சதுரத்தின் எல்லை இரும எண்ணின் எல்லையைப் பொறுத்து விழும். நாம் அளந்த புள்ளி அந்தச் சதுரத்தின் ஓரத்தில் போய் நிற்கலாம். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6225 இதைச் சரிசெய்து ஆப்ஷன் 144-ஐக் கொண்டுவந்தது. அதில் புள்ளி நடுவில் இருக்கும், கூட்டல்கழித்தலாகப் பிழை அளவு இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் நேராக 144-க்குப் போகலாம். ஐபிவி6-இல் இதே தகவலுக்கு ஆப்ஷன் 63.

எழுத்தில் முகவரி சொல்வது ஆப்ஷன் 99. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4776. ஐபிவி6-இல் அதற்கு 36. டிஸ்பென்சரியில் இருக்கும் நர்ஸ் அம்மாவுக்குத் தசம எண்கள் உதவாது, "வாடல் மாடி" என்று வந்தால்தான் உதவும். ஆகவே 99 கட்டாயம். வரைபடத்தில் புள்ளி வைக்க 144.

சாதாரண கைப்பேசிகளை நம்பி இதைத் தொடங்க வேண்டாம். டிஎச்சிபியில் கருவி கேட்கும் பட்டியல் ஆப்ஷன் 55-இல் போகும். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் மூன்றின் வழக்கமான பட்டியலிலும் 99, 123, 144 கிடையாது. கேட்காததைச் சர்வர் அனுப்பாது. வற்புறுத்தி அனுப்பினாலும் அவை பிரித்துப் பார்க்காது. கருவியின் மென்பொருள் நம் கையில் இருந்தால்தான் இந்த வழி சரிப்படும்.

சாமான்கள்

கருவிகள் ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, வாங்கியபோது ஒன்று சுமார் 1,800 ரூபாய். டிஎச்சிபி கிளையன்டாக பிஸிபாக்ஸிலுள்ள யூடிஎச்சிபிசி. இதில் பெரிய எழுத்து ஓ சுவிட்சோடு 99, 144 என்று எண்ணையே கொடுத்துக் கேட்கலாம். தனக்குப் பெயர் தெரியாத ஆப்ஷனை அது பதினாறடிமான எழுத்துகளாக ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்துவிடும். சர்வராக ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் டிஎன்எஸ்மாஸ்க். ஏபிகள் சாதாரண உட்புற வகை ஐந்து, வெளிப்புற வகை இரண்டு. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் மேனேஜ்டு பிஓஇ ஸ்விட்ச் இரண்டு, வாங்கியபோது ஒவ்வொன்றும் பத்தாயிரத்தை ஒட்டி. கட்டடங்களுக்கிடையே ஃபைபர். கோடை இடி நேரத்தில் சரிவில் ஓடும் செம்புக் கேபிள் இரண்டு முனையிலும் போர்ட்டைச் சுட்டுவிடும், இங்கே செம்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அளவெடுக்க 50 மீட்டர் டேப், லேசர் தூரமானி, சாய்வுமானி உள்ள ஒரு கைப்பேசி.

ஸ்விட்ச் வாங்கும்போது டிஎச்சிபி ஸ்னூப்பிங்கும் (கடந்து போகும் டிஎச்சிபி பாக்கெட்டுகளை ஸ்விட்ச் கவனித்து வடிகட்டுவது) ஆப்ஷன் 82-ம் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த முழு வேலையும் அதன் மேல்தான் நிற்கிறது.

எந்த ஏபி என்று சர்வருக்குத் தெரிவது எப்படி

டிஎச்சிபி வேண்டுகோளில் கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி வரும். எந்த ஏபி வழியாக வந்தது என்பது வராது. ஒவ்வொரு ஏபிக்கும் தனி வீலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த உள்நெட்வொர்க்), தனி சப்நெட் (முகவரித் தொகுதி) கொடுத்தால் சர்வர் தெரிந்துகொள்ளும். ஆனால் ஆள் நடக்க நடக்க ஐபி மாறி இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும். உதவிப் பொத்தானுக்கு அது ஆகாது. அந்த வழியைக் கைவிட்டோம்.

மிஞ்சியது 2001-இன் ஆர்எஃப்சி 3046 சொல்லும் ஆப்ஷன் 82. வேண்டுகோள் போகும் வழியில் ஸ்விட்ச் தன் போர்ட் எண்ணை அதில் செருகும். ஒரு போர்ட்டில் ஒரே ஏபி. ஆகவே போர்ட் தெரிந்தால் ஏபி தெரிந்தது. வணிக வகை ஏபிகள் சில தாங்களே இதைச் செருகும். எங்களுடையவை செருகாது, ஸ்விட்சே போதுமானதாக இருந்தது.

ஆப்ஷன் 82-க்குள் போர்ட்டைச் சொல்லும் பகுதி சர்க்யூட் ஐடி, ஸ்விட்சைச் சொல்லும் பகுதி ரிமோட் ஐடி. பல ஸ்விட்சுகளின் இயல்பான வடிவத்தில் சர்க்யூட் ஐடி ஆறு பைட். வீலேன் 20, போர்ட் 5 என்றால் 0 4 0 20 0 5. முதல் இரண்டும் வகையும் நீளமும், அடுத்த இரண்டும் வீலேன், பிறகு மாட்யூல், கடைசியில் போர்ட். மாட்யூல் 0-வா 1-ஆ, போர்ட் எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறதா 1-இலா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கையேட்டை நம்பாமல் ரவுட்டரில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலைப் போட்டு, டிஎச்சிபியின் யூடிபி போர்ட்டுகளான 67, 68-ஐப் பிடித்துப் பாருங்கள். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பில் இந்த பைட்டுகளைப் பதினாறடிமானத்தில், இடையில் முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். வீலேன் 20 அங்கே 14 ஆகும். 20 என்றே எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, பொருத்தம் மட்டும் நடக்காது. ஒவ்வொரு சர்க்யூட் ஐடிக்கும் ஒரு டேக் கொடுத்து, அந்த டேக்குக்கு உரிய 99-ஐயும் 144-ஐயும் கீழே எழுதினால் சர்வர் பக்கம் முடிந்தது.

ரிமோட் ஐடி இருப்பதால் இரண்டு ஸ்விட்ச் என்று குழப்பம் வராது. அதில் ஸ்விட்சின் மேக் முகவரி இருக்கும். ஆனால் இரண்டாவது ஸ்விட்ச் முதலாவதின் வழியாகப் போகிறது என்றால், ஆப்ஷன் 82 ஏற்கெனவே உள்ள பாக்கெட் நம்பகமற்ற போர்ட்டில் வருவதைப் பார்த்து மேல் ஸ்விட்ச் அதைத் தூக்கி எறியும். கீழ்க் கட்டடத்தில் மட்டும் யாருக்கும் ஐபி கிடைக்காது. ஃபைபர் போர்ட்டை நம்பகமானது என்று குறித்து, உள்ளிருக்கும் 82-ஐ மாற்றாமல் விடு என்ற கொள்கையையும் அமைக்க வேண்டும்.

ஏபியை அளப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். கைப்பேசியை ஏபிக்குக் கீழே பிடித்து வரும் எண்ணை எழுதிக்கொள்வது பயனற்றது. தகரமும் மலைச்சரிவும் வானத்தின் ஒரு பாதியை மறைக்கும். எதிரொலித்து வரும் அலை புள்ளியை இழுத்துக்கொண்டு போகும். மூடுபனியால் ஜிபிஎஸ் கெட்டுப்போகும் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். பனிக்கு அதில் பங்கில்லை, சரிவுக்குத்தான் பங்கு.

திறந்தவெளியில், வானம் நன்றாகத் தெரியும் இரண்டு மூலைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடச் சராசரி எடுத்தோம். அங்கிருந்து ஒவ்வொரு ஏபிக்கும் டேப்பும் லேசரும். சரிவில் டேப் காட்டும் நீளம் கிடைமட்ட நீளம் அல்ல. 20 பாகைச் சரிவில் 30 மீட்டர் டேப் என்றால் கிடைமட்டத்தில் 28.2 மீட்டர், இறக்கம் 10.3 மீட்டர். இரண்டையும் கணக்கில் பிரித்து எழுத வேண்டும்.

இந்த அட்சரேகையில் ஒரு பாகை அட்சரேகைக்குச் சுமார் 110.6 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகைக்குச் சுமார் 109.1 கிலோமீட்டர். மீட்டரைப் பாகையாக மாற்ற இது போதும். பழைய டோப்போ ஷீட்டிலிருந்து ஆயத்தொலைவு எடுக்காதீர்கள். அது பூமியின் வடிவத்துக்கான பழைய மாதிரியான எவரஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 அமைப்பின் புள்ளியிலிருந்து இங்கே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

உயரத்தில் இதைவிடப் பெரிய குழி. 144-இல் டேட்டம் (அளவீட்டின் அடிப்படை) 1 என்று குறித்தால் உயரம் டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்துக்கு மேலான உயரம் என்று பொருள். நாம் பேச்சில் சொல்வதும் பலகையில் எழுதியிருப்பதும் கடல் மட்டத்துக்கு மேலான உயரம். தென்னிந்தியாவில் கடல் மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. நீலகிரியில் வித்தியாசம் சுமார் 90 மீட்டர். பலகை 1,790 என்றால் ஆப்ஷனில் 1,700-ஐ ஒட்டி வர வேண்டும். அப்படியே 1,790 போட்டால், வரைபடத்தில் கருவி கூரைக்கு மேலே தொண்ணூறு மீட்டர் உயரத்தில் மிதக்கும். சமவெளியில் இதை யாரும் கவனிக்காமலே போகலாம். ஒரே சரிவில் மேலும் கீழுமாக வீடுகள் உள்ள இடத்தில், 90 மீட்டர் என்பது இன்னொரு ஊர்.

16 பைட்

எடுத்துக்காட்டாக 11.42 வடக்கு, 76.86 கிழக்கு, நீள்கோள உயரம் 1,700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டப் பிழை 25 மீட்டர், உயரப் பிழை 8 மீட்டர்.

பாகைகளை 2-இன் 25-ஆம் அடுக்கால், அதாவது 33554432-ஆல் பெருக்க வேண்டும். அட்சரேகை 383191613, தீர்க்கரேகை 2578993644. உயரத்தை 256-ஆல் பெருக்கினால் 435200. பிழைப் புலம் மடக்கைக் கணக்கு. கையில் ஒரு சிறு பட்டியல் இருந்தால் போதும். 21 என்றால் இங்கே சுமார் 13 மீட்டர், 20 என்றால் 27, 19 என்றால் 54, 18 என்றால் 108, 16 என்றால் 430. அளந்த பிழை இரண்டு படிக்கு நடுவில் விழுந்தால் பெரியதையே எடுக்க வேண்டும்: 30 மீட்டருக்கு 20 கூடாது, 19. உயரத்துக்கு 8 மீட்டர் என்றால் 18, 4 மீட்டர் என்றால் 19.

கிடைக்கும் பைட்டுகள், பத்தடிமானத்தில்:

80 22 215 10 61
80 153 184 81 236
20 128 6 164 0
65

முதல் வரி அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை, மூன்றாவது உயரம், கடைசி பைட்டில் பதிப்பு 1-ம் டேட்டம் 1-ம். கண்ணாலேயே சரிபார்க்கலாம்: இரண்டாவது பைட்டைப் பாதியாக்கினால் 11, ஏழாவதைப் பாதியாக்கினால் 76-க்குச் சற்று மேல். நீலகிரியில் எங்கே அளந்தாலும் இந்த இரண்டும் இதையொட்டியே வரும். மாறி வந்தால், தீர்க்கரேகையை முதலில் தரும் வரைபட மென்பொருளிலிருந்து அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது புள்ளி ஸ்வால்பார்டு தீவுகளுக்குத் தென்மேற்கே கடலில் விழும்.

உயரத்தை மீட்டருக்குப் பதில் மாடி எண்ணாகவும் சொல்லலாம். வகைப் புலத்தில் 1 என்றால் மீட்டர், 2 என்றால் மாடி. மாடி 0 என்பது முதன்மை வாசலில் உள்ள தரைமட்டம். சரிவுக் கட்டடத்தில் முதன்மை வாசல் எது? பச்சை இலை வந்து இறங்குவது மேல்சாலையில், வாடல் மாடிக்கு நேராக. தேயிலைப் பெட்டிகள் வெளியேறுவது கீழ்ச்சாலையில். மேலே நிற்பவருக்கு அது தரைத்தளம், கீழே நிற்பவருக்கு இரண்டாம் மாடி. ஆம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய கீழ் வாசலை 0 என்று முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே பிடித்துக்கொண்டோம். கீழ் வாசலுக்கும் கீழே கொதிகலன் அறை, மாடி எண் -1. இதில் ஒரு பிட் சிக்கல் உண்டு. உயரப் புலம் 30 பிட். எதிர்ம எண்ணை வழக்கமான 32 பிட்டில் கணக்கிட்டு அப்படியே ஒட்டினால், மேலே மிஞ்சும் இரண்டு பிட்கள் பக்கத்திலுள்ள பிழைப் புலத்துக்குள் கசிந்து அதை மாற்றிவிடும். மேல் இரண்டு பிட்களை வெட்டிவிட்டு ஒட்டுங்கள். -1 மாடிக்கு 30 பிட் மதிப்பு 1073741568.

தமிழில் முகவரி, 255 பைட்டுக்குள்

ஆப்ஷன் 99-இன் முதல் பைட், இது எதன் இடம் என்று சொல்கிறது. 0 என்றால் டிஎச்சிபி சர்வரின் இடம், 1 என்றால் கருவிக்கு மிக அருகிலுள்ள நெட்வொர்க் சாதனத்தின் இடம், 2 என்றால் கருவியின் இடம். வைஃபையில் 2 போடுவது உண்மையல்ல. 1 போடுங்கள். திரையில் "அருகில்" என்ற சொல்லைச் சேர்க்க அந்த ஒரு பைட்டைத்தான் பார்க்கிறோம்.

அடுத்த இரண்டு பைட் நாட்டுக் குறியீடு. இந்தியாவுக்கு 73 78. பிறகு வகை, நீளம், மதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கூறுகள். வகை 0 மொழி, 128 எழுத்துமுறை, 1 மாநிலம், 2 மாவட்டம், 3 ஊர், 21 அடையாள இடம், 24 பின்கோடு, 25 கட்டடம், 27 மாடி, 28 அறை. மதிப்பு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில்.

யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மெய்க்குப் புள்ளியும் ஒரு குறி, உயிர்மெய்க்குத் துணைக்குறியும் ஒரு குறி. "நீலகிரி" 21 பைட், "கோத்தகிரி" 27, "தமிழ்நாடு" 27, "தொழிற்சாலை" 30, "வாடல் மாடி" 28, "மாரியம்மன் கோயில் எதிரே" 65. கூறுக்கு இரண்டு பைட் தலைப்பு, பின்கோடு, மொழி, எழுத்துமுறை எல்லாம் சேர்த்தால் 231. ஒரு ஆப்ஷனின் எல்லை 255. ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதிச் சேர்க்கலாம் என்று பார்த்தால் எல்லை தாண்டும். நீள ஆப்ஷனைத் துண்டாக்கி அனுப்ப ஆர்எஃப்சி 3396 வழி சொல்கிறது, ஆனால் சிறு கருவிகளின் கிளையன்டுகள் துண்டுகளைச் சேர்த்துப் படிக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

இன்னொரு நுணுக்கம். ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டில் தெரியும்: இடத்துக்கு மூன்று பைட் கூடும். கைப்பேசியில் தட்டச்சு செய்த பெயரை ஒட்டும்போது நீளத்தைக் கண்ணால் எண்ணாமல், ஒருங்கிணைந்த வடிவத்துக்கு மாற்றி நிரலால் எண்ணுங்கள். நீள பைட் ஒன்று தவறினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கூறும் குப்பையாகும்.

பாக்கெட் நிரம்பி வழிவது

ஆப்ஷன் தனியாக 255-க்குள் அடங்கினாலும் பாக்கெட்டில் அடங்க வேண்டும். பெரிய பாக்கெட் வாங்குவேன் என்று கருவி ஆப்ஷன் 57-இல் சொல்லாதவரை, சர்வர் 576 பைட் ஐபி பாக்கெட்டுக்குள் முடிக்க வேண்டும். நிலையான தலைப்புகள் போக ஆப்ஷன்களுக்கு மிஞ்சுவது 312. எங்கள் கணக்கு: செய்தி வகை, சர்வர் முகவரி, லீஸ் (ஐபி முகவரியை வைத்திருக்கும் தவணை) நேரங்கள், மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் சேர்ந்து 56. ஆப்ஷன் 99 தலைப்போடு 233. ஆப்ஷன் 144 தலைப்போடு 18. ஸ்விட்ச் செருகிய 82-ஐச் சர்வர் திருப்பி அனுப்ப வேண்டும், அது 20. மொத்தம் 327.

பதினைந்து பைட் கூடுதல். அப்போது சர்வர் சிலவற்றை வேறு புலங்களுக்குள் திணிக்கப் பார்க்கும், முடியாததை விட்டுவிட்டுப் பதிவேட்டில் பாக்கெட்டில் இடமில்லை என்று ஒரு வரி எழுதும். கருவிக்கு ஐபி கிடைத்துவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், முகவரி மட்டும் வராது. பெயர் நீளமான ஏபிகளில் மட்டும் இப்படி நடந்தால் வைஃபை சிக்னலைச் சந்தேகிக்கத் தோன்றும். முதலில் பைட் கணக்கைப் பாருங்கள்.

யூடிஎச்சிபிசி தானாகவே 576 என்றுதான் சொல்கிறது. கிளையன்டை மாற்றுவதைவிட முகவரியைக் குறைப்பது எளிது. மாநிலத்தின் பெயரை எடுத்துவிட்டோம். 643217 என்ற பின்கோடு அதைச் சொல்லிவிடும். 29 பைட் குறைந்து 298-இல் நின்றது.

ஆள் நகர்ந்தால்

இதுவரை செய்ததெல்லாம் அசையாத கருவிக்குப் போதும். கருவி ஒரு ஏபியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஐபி மாறுவதில்லை, அதனால் டிஎச்சிபியும் பேசுவதில்லை. பழைய இடமே கருவியில் தங்கிவிடும். உதவிப் பொத்தானில் இது ஆபத்தான தவறு: வாடல் மாடியில் இடம் வாங்கிய கருவி கொதிகலன் அறையில் அழுத்தப்பட்டால் ஆட்கள் மேலே ஓடுவார்கள்.

லீஸ் நேரத்தை 600 விநாடியாகக் குறைப்பது முதல் யோசனை. பாதி நேரத்தில், 300 விநாடியில், கருவி புதுப்பிக்கும். ஆனால் அந்தப் புதுப்பித்தல் சர்வருக்கு நேரடியாகப் போகும் யூனிகாஸ்ட். வேண்டுகோளை வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் ரிலே ஏஜென்ட் வழியாக 82 செருகும் அமைப்பில் இது ரிலேயைத் தொடாமலே போய்விடும். சர்வருக்கு எந்த ஏபி என்று தெரியாது. இதற்காகவே ஆர்எஃப்சி 5107 சர்வர் முகவரியை ரிலேயின் முகவரியாகக் காட்டும் வழியைச் சொல்கிறது, டிஎன்எஸ்மாஸ்க்கிலும் டிஎச்சிபி-பிராக்ஸி என்ற அமைப்பு உண்டு. எங்களுடையதுபோல ஸ்விட்ச் ஸ்னூப்பிங் என்றால், யூனிகாஸ்ட் பாக்கெட்டையும் அது பிடிக்கிறதா என்று டிசிபிடம்ப்பில் பார்த்துவிடுங்கள். எல்லா ஸ்விட்சும் பிடிப்பதில்லை.

லீஸ் குறைப்பு மட்டும் போதாது. ஐந்து நிமிடம் பழைய இடம் என்பது பொத்தானுக்கு நீளம். தாவிய கணத்திலேயே கேட்க வைப்பதுதான் சரி. வைஃபை இணைப்பைக் கவனிக்கும் டபிள்யூபிஏ-சிஎல்ஐ நிரலைச் செயல் ஸ்கிரிப்ட்டோடு ஓட விட்டால், இணைப்பு நிகழ்வின்போது ஸ்கிரிப்ட் கூப்பிடப்படும். ஏபியின் அடையாள எண்ணான பிஎஸ்எஸ்ஐடி மாறியிருந்தால் யூடிஎச்சிபிசியை நிறுத்தி, பழைய ஐபியையே கேட்கும்படி மறுபடி தொடங்குகிறது. இந்தக் கேள்வி எல்லோருக்குமாகப் போகும் பிராட்காஸ்ட், ஆகவே 82 நிச்சயம் செருகப்படும், ஐபியும் மாறாது. புதுப் பதில் வரும்வரை பழைய இடத்தைக் கருவி "பழையது" என்று குறித்தே அனுப்புகிறது.

பிஎஸ்எஸ்ஐடி கருவிக்கே தெரியுமே, இடப் பட்டியலைக் கருவிக்குள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு ஏபியை மாற்றினால் எல்லாக் கருவியையும் பிடித்து இற்றைப்படுத்த வேண்டும். சர்வரில் இருந்தால் ஒரே ஒரு வரி.

மரத் தளமும் எதிர்ச்சரிவும்

வாடல் மாடியின் தளம் மரம். மரம் வைஃபையைப் பெரிதாகத் தடுக்காது. கீழே ரோலர் பக்கம் நிற்கும் கருவி மேல்மாடி ஏபியைப் பிடித்துக்கொள்ளும். மாடி எண் உறுதியாகத் தவறும். பை ஜீரோ 2-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இருப்பதால் 5-க்கு நகர்த்தித் தப்பிக்க வழியில்லை. ஏபிகளின் அனுப்பு வலுவை 20 டிபிஎம்மிலிருந்து 8-க்கு இறக்கி, மேல்மாடி ஏபியைத் தளத்திலிருந்து தள்ளி உத்தரத்தில் மாட்டினோம். அதற்குப் பிறகும் மரத் தளத்துக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு ஏபிகளுக்கு மாடிக் கூறைச் சேர்க்கவில்லை. கான்கிரீட் தளம் உள்ள இடங்களில் மட்டும் வகை 27 இருக்கிறது. தெரியாத மாடியைச் சொல்லாமல் விடுவது தவறாகச் சொல்வதைவிடப் பாதுகாப்பு.

வெளிப்புற ஏபிகளின் கதை வேறு. சமவெளியில் நடுவே வரும் கட்டடமும் மரமும் அலையை வெட்டிவிடும். இங்கே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவு, ஏபிக்கு நேரெதிரே, நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. எதிர்ச்சரிவில் நானூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கருவி, பக்கத்திலிருக்கும் லைன் வீட்டு ஏபியை விட்டுவிட்டுத் தொழிற்சாலை முற்றத்து ஏபியில் ஒட்டிக்கொள்ளும். நடந்து போக வேண்டுமென்றால் கீழே ஓடை வரை இறங்கி ஏற வேண்டும். ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்தோம், வலுவைக் குறைத்தோம், பலவீனமான சிக்னலை ஏற்காத வரம்பை ஏபியில் வைத்தோம். பெருமளவு நின்றது, முழுதும் நிற்கவில்லை. ஆகவே அந்த இரண்டு ஏபிகளுக்குப் பிழைப் புலம் 16. வரைபடத்தில் புள்ளிக்குப் பதில் பெரிய வட்டம் விழுகிறது, முகவரியிலும் கட்டடப் பெயர் இல்லை. அந்த வட்டத்தைப் பார்த்தால் டிஸ்பென்சரியிலிருந்து இரண்டு பக்கமும் ஆள் அனுப்புகிறார்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. டிஎச்சிபி பதிலை யாரும் போலியாக அனுப்பலாம், போலி இடமும் அனுப்பலாம். ஸ்னூப்பிங், நம்பகமற்ற போர்ட்டிலிருந்து வரும் சர்வர் பதிலைத் தடுக்கும். ஒரே ஏபியில் இருக்கும் இரண்டு கருவிகள் ஸ்விட்சுக்கு வராமலே பேசிக்கொள்ளலாம் என்பதால், ஏபியில் கிளையன்ட் பிரிப்பையும் போட வேண்டும். விருந்தினர் வைஃபைக்கு இடத்தகவலே கிடையாது.

அடுத்த முறை

போர்ட் எண்ணைத்தான் இடமாகக் கொண்டிருக்கிறோம் என்பதால், யாராவது கேபிளை வேறு போர்ட்டில் செருகினால் இடம் சத்தமில்லாமல் மாறிவிடும். அண்டைச் சாதனத்துக்குத் தன்னை அறிவிக்கும் எல்எல்டிபியை ஏபிகளில் ஓடவிட்டு, ஸ்விட்ச் காட்டும் அண்டைப் பட்டியலையும் நம் இடப் பட்டியலையும் தினமும் ஒப்பிடும் ஒரு ஸ்கிரிப்ட்டைப் பிறகுதான் சேர்த்தோம். அதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். கேபிள் முனையிலும் போர்ட்டிலும் ஒரே எண்ணில் லேபிள். மழைக்காலத்தில் காகித லேபிள் நிற்காது, சுருங்கும் குழாய் லேபிள் போடுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, ஐப்பசிக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள பலகைக்கு மாற்றினால் மாடிச் சிக்கல் பாதியாகும். முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுதாகத் தர டிஎச்சிபி போதாது. அதற்கு ஆப்ஷன் 213: ஆர்எஃப்சி 5986 படி இடச் சர்வரைக் கண்டுபிடிப்பதற்கான டொமைன் பெயரை மட்டும் டிஎச்சிபி தரும், கருவி அங்கே போய் ஹெல்ட் நெறிமுறையில் கேட்டு வாங்கிக்கொள்ளும். 255 பைட் கட்டுப்பாடும் இல்லை, தாவும்போது டிஎச்சிபியைக் கிளறவும் வேண்டாம். வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. ரவுட்டரிலேயே ஒரு சிறு எச்டிடிபி சேவை ஓடினால் போதும். எந்தக் கருவி எந்த ஏபியில் இருக்கிறது என்பதை மட்டும் அந்தச் சேவை ஏபிகளிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.